பிரசவ அறையில் என்ன நடந்தது?

மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்பார்கள். மாலை என்றால் சம்பங்கி, ரோஜா மாலை இல்லை சார்... தொப்புள்கொடி! கொடி கழுத்தைச் சுற்றியபடி குழந்தை பிறந்தால் தாய்மாமனுக்குக் கண்டம். அதற்குப் பரிகாரமும் உண்டு. கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, குழந்தையின் முகத்தை மாமன்காரன் முதலில் அந்த எண்ணெயில்தான் பார்க்க வேண்டும். அப்புறம்தான் நேரில்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், அக்கா வீட்டில், எனக்கு இந்தப் பரிகாரம் நடந்தது. மாசக் கடைசியில் பி.எஃப். லோனுக்கு அலைகிற ஒரு குமாஸ்தாவுக்கு இதற்கு மேல் என்ன பெரிய கண்டம் வந்துவிடப் போகிறது? சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். அதற்கு முன் பன்னிரண்டு நாள் அந்தக் குழந்தை சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. பில் கட்டியது, மருந்து வாங்கியது, வராந்தாவில் படுத்தது எல்லாம் நான். குழந்தையைப் பார்க்க மட்டும் அனுமதி இல்லை! "பரிகாரம் முடியாம நீ உள்ள போவக் கூடாது" என்று அக்காவின் மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆறு மாதமாகியும் பையனுக்குத் தலை நிற்கவில்லை. கை விரல்கள் இறுக மூடியே இருந்தன. தூக்கி நிறுத்தினால் இரண்டு கால்களும் கத்திரிக்கோல் போலப் பின்னிக்கொண்டன. சென்னை டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார்... செரிப்ரல் பால்சி. தமிழில் மூளை முடக்குவாதம்.

மூளை வளர்கிற காலத்தில் அதற்கு ஏற்படும் ஒரு சேதம் அது. கருவில் இருக்கும்போது வரலாம், பிறக்கும்போது வரலாம், பிறந்த பிறகும் வரலாம். சேதம் மேற்கொண்டு பரவாது. ஆனால் மூளையிலிருந்து தசைகளுக்குப் போகிற உத்தரவு ஒழுங்காகப் போய்ச் சேராது. கை கால் விறைக்கும், பேச்சு குழறும், விழுங்குவது கஷ்டம். புத்தி மழுங்கியிருக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பல பேருக்கு அறிவு நன்றாகவே இருக்கும். வெளியே சொல்லத்தான் உடம்பு ஒத்துழைக்காது. உலகத்தில் பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் சுமார் இரண்டு பேருக்கு இது இருக்கிறது.

ஏன் வந்தது? தெருவில் எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. "கொடி சுத்திக்கிச்சு." பிரசவம் பார்த்த நர்சிங் ஹோமில் கேட்டபோதும் அதே பதில்தான். "ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சு. நாங்க என்ன பண்றது?"

இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்குத் தெரியவந்தது: நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று கொடி கழுத்தைச் சுற்றியபடிதான் வருகிறது! அவர்களில் மிகப் பெரும்பாலோர் கொடியைத் தளர்த்திவிட்டதும் வீல் என்று கத்திவிட்டு நன்றாக வளர்கிறார்கள். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் நாலில் ஒருவர் அப்படிப் பிறந்தவராக இருக்கலாம். அவருடைய மாமாவும் சௌக்கியமாகத்தான் இருப்பார்.

அக்கா வீட்டுக்காரர் கோர்வைப் புடவை நெய்கிறவர். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் தறியில் உட்கார்ந்தபடியே என்னிடம் கேட்டார்:

"புடவையில பழுது தெரிஞ்சா முதலாளி என் கூலியிலதான் புடிப்பாரு மச்சான். பழுது முறுக்கு ஏத்தின எடத்துல வந்துச்சா, சாயத்துல வந்துச்சா, தெருவுல பாவு புடிக்கச்சொல்ல இழை அறுந்துச்சா... ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கடைசியா கை வச்சவன் நானு. அதே மாதிரி அந்த டாக்டரம்மா மேல சும்மா பழி போட எனக்கு மனசு வரல. ஆனா, நெஜமாவே தறியிலதான் பழுது வந்திருந்தா? அது எனக்குத் தெரியணும்."

இந்தக் கேள்விதான் என்னை ஒரு வருஷமாக அலையவைத்தது.

இதே கேள்வியை வைத்து டாக்டர்கள் 160 வருஷத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 1861ல் லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற டாக்டர், கஷ்டப் பிரசவம், மூச்சுத்திணறல், குறைமாதம் இவைதான் இந்த விறைப்புக்குக் காரணம் என்று மகப்பேறு டாக்டர்கள் சங்கத்தில் கட்டுரை படித்தார். (ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டுகூட இப்படித்தான் பிறந்திருப்பானோ என்று அதில் ஒரு ஊகம் வேறு!) அந்த நோய்க்கு 'லிட்டில் நோய்' என்றே பேர் வந்துவிட்டது.

மறுத்தவர் யார் தெரியுமா? சிக்மண்ட் பிராய்டு! கனவுக்கு அர்த்தம் சொல்லப் போவதற்கு முன்னால் அவர் வியன்னாவில் நரம்பு டாக்டர். "பிரசவம் கஷ்டமானதால் மூளை கெட்டது என்கிறீர்களே... கருவிலேயே ஏதோ கோளாறு இருந்து, அதனாலேயே பிரசவம் கஷ்டமாகியிருந்தால்?" என்ற ரீதியில் 1897ல் எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கனவு விஷயத்தில் கிடைத்த புகழ் அவருக்கு இதில் கிடைக்கவில்லை.

கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் கழித்து பிராய்டு பக்கம் காற்று அடித்தது. 1959 முதல் 1966 வரை அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆரம்பத்திலிருந்தே குறித்துவைத்துக்கொண்டு, குழந்தைகளை ஏழு வயதுவரை கவனித்தார்கள். அந்தக் கணக்கை அலசி 1986ல் கரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பர்க் என்ற இருவர் வெளியிட்ட முடிவு: பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் மட்டுமே மூளை முடக்குவாதம் வந்தது என்று சொல்லக்கூடிய குழந்தைகள் குறைவு. பணக்கார நாடுகளில் அது பத்தில் ஒன்று அளவுதான் என்று இப்போது பரவலாக ஒப்புக்கொள்கிறார்கள்.

மீதி? குறைமாதப் பிரசவம், அதிலும் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறப்பது. இரட்டைக் குழந்தை. கர்ப்பத்தில் வரும் ருபெல்லா போன்ற தொற்று. பனிக்குடத்தில் சீழ். தைராய்டு கோளாறு. கருவிலேயே குழந்தைக்கு வரும் பக்கவாதம். ஜீன் கோளாறுகள். நம் ஊரில் அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிச்சுப் போடுகிற வழக்கம் இந்தக் கடைசி ரகத்துக்குக் கொஞ்சம் உரம் போடுகிறது. ஆக, மாமனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டுதான்... எண்ணெய்க் கிண்ணம் வழியாக அல்ல!

பிறந்த பிறகு வருவதில் மஞ்சள்காமாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது தடுக்கக்கூடியது. பச்சைக் குழந்தைக்குக் காமாலை அளவுக்கு மீறினால் அந்த மஞ்சள் மூளையில் போய்ப் படியும். 1956ல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்ட் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் ஜீன் வார்டு என்ற நர்ஸ், குழந்தைகளை முற்றத்தில் வெயில் காட்டுவார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுப்பதை முதலில் கவனித்தவர் அவர்தான். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிற நீல விளக்கு. "காலை வெயில்ல காட்டு, சரியாப் போயிடும்" என்று நம் பாட்டிகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் மஞ்சள் உள்ளங்கால் வரை இறங்கிய குழந்தையை வெயிலில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. ரத்தம் எடுத்துப் பார்த்து விளக்கில் போட வேண்டும். அதற்கு மேலும் ஏறினால் ரத்தத்தையே மாற்ற வேண்டும்.

'பத்தில் ஒன்றுதான்' என்ற கணக்கைக் காட்டி, இந்தியாவிலும் பிரசவ அறைக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாது. இங்கே நடந்த ஆய்வுகளில் பிறப்பு மூச்சுத்திணறலின் பங்கு அதைவிடக் கணிசமாக அதிகம்.

அதே நேரம் அமெரிக்காவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1985ல் நார்த் கரோலினாவில் ஜான் எட்வர்ட்ஸ் என்ற வக்கீல், வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையே பேசுவது போல ஜூரியிடம் வாதாடினார். ஜூரி 65 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது! அவர் பிறகு செனட்டரானார், 2004ல் துணை ஜனாதிபதி வேட்பாளரும் ஆனார். இப்படிப்பட்ட வழக்குகள் பெருகப் பெருக, டாக்டர்கள் பயந்துபோய் குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் மெஷினில் கோடு கொஞ்சம் வளைந்தாலே கத்தியை எடுத்தார்கள். 1970ல் நூற்றுக்கு ஐந்தாக இருந்த சிசேரியன் அங்கே முப்பதைத் தாண்டியது. மூளை முடக்குவாதம்? நிறைமாதக் குழந்தைகளிடம் அது அப்படியேதான் இருந்தது. நம் தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி சிசேரியன் 44.9 சதவீதம்! எனவே, "ஆபரேஷன் பண்ணியிருந்தா சரியாயிருக்கும்" என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் அவ்வளவு சரியில்லை.

சரி, பொதுக்கதை போதும். எங்கள் பையன் எந்தக் கணக்கில் வருகிறான்?

நர்சிங் ஹோமில் கேஸ் ஷீட் கேட்டேன். "ஃபைல் எல்லாம் வெளியில தர்றதில்ல சார்" என்றார் ரிசப்ஷன் பெண். பெரியவர் ஒருவர் சொல்லித்தந்த ஒரு விதி கைகொடுத்தது. மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷ நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அக்காவின் கையெழுத்தோடு ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று சீல் வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெராக்ஸ் வந்தது. மொத்தமே பதினோரு பக்கம்.

அதையும் சென்னை ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு மயிலாப்பூரில் ரிட்டயரான ஒரு குழந்தை டாக்டரிடம் போனேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார்.

"பிரசவ நேரத்துலதான் மூளை அடிபட்டுதுன்னு சொல்லணும்னா சாட்சி வேணும்பா. கொழந்தை அழலைங்கறது மட்டும் சாட்சி ஆகாது. முதல்ல அப்கார் மார்க்கைப் பாரு" என்றார்.

அப்கார் என்பது நியூயார்க்கில் வர்ஜீனியா அப்கார் என்ற பெண் டாக்டர் 1953ல் வெளியிட்ட மார்க் முறை. நிறம், நாடி, முக்கல் முனகல், கை கால் அசைவு, மூச்சு... ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மொத்தம் பத்து. மனுஷன் பிறந்த முதல் நிமிஷத்திலேயே எழுதுகிற முதல் பரீட்சை! அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் சங்கத்தின் 2014 அறிக்கைப்படி, ஐந்தாவது நிமிஷத்திலும் பத்தாவது நிமிஷத்திலும் ஐந்துக்குக் கீழே இருந்தால் சந்தேகம் பலமாகும். தொப்புள்கொடி ரத்தத்தில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7க்குக் கீழே போயிருக்க வேண்டும். கிட்னி, ஈரல் போன்ற மற்ற உறுப்புகளும் அடிபட்டிருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் குறிப்பிட்ட ஆழமான பகுதிகள் பாதித்திருக்கும்.

எங்கள் பையனுக்கு முதல் நிமிஷம் 2. ஐந்தாம் நிமிஷம் 4. பத்தாம் நிமிஷம் எழுதவே இல்லை. கொடி ரத்தம் எடுக்கவில்லை. எட்டாம் நாள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் டாக்டர் சொன்ன அதே ஆழமான பகுதிகளில் சேதம்.

"பிரசவ நேரத்துப் பக்கம்தான் கை காட்டுது" என்றவர், உடனே, "ஆனா உங்க அக்காவுக்குத் தைராய்டு மாத்திரை. எட்டாம் மாசம் மூணு நாள் ஜுரம். எதிர்த்தரப்பு வக்கீல் இதை விட மாட்டான்" என்றார்.

அப்புறம் ஆறாவது பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். ராத்திரி 10.30: குழந்தையின் இதயத்துடிப்பு 140. அதற்கு அடுத்த வரி விடியற்காலை 3.40: 88. நடுவில் ஒன்றும் இல்லை. 4.25க்கு வேக்குவம் வைத்து எடுத்திருக்கிறார்கள்.

"வலி நல்லா வந்தப்புறம் அரை மணிக்கொரு தரமாவது காது வச்சுக் கேக்கணும். முக்க ஆரம்பிச்சாச்சுன்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம். இதுக்கு மெஷின் வேண்டாம், பணம் வேண்டாம். ஒரு நர்ஸ், ஒரு கடிகாரம் போதும். அஞ்சு மணி நேரம் யாரும் கேக்கலைன்னா, கொழந்தை நல்லாப் பொறந்திருந்தாக்கூட அது தப்புதான். ஆனா அந்தத் தப்பாலதான் இவனுக்கு இப்படி ஆச்சுன்னு நிரூபிக்கறது வேற வேலை. ரெண்டும் சேர்ந்தாத்தான் கேஸ்."

நான் பேசாமல் இருந்தேன். அக்கா அந்த ராத்திரியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள்: "நர்ஸக்கா தூங்கிட்டு இருந்தாங்கடா. எழுப்பினா திட்டுவாங்களோன்னு நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

வலியின் போக்கையும் இதயத்துடிப்பையும் மணிவாரியாக ஒரே தாளில் குறிக்க 'பார்டோகிராம்' என்று ஒரு படிவம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஃபில்பாட் என்ற டாக்டர் இன்றைய ஜிம்பாப்வேயில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். டாக்டரே இல்லாத இடத்தில் மருத்துவச்சிகள், எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று தெரிந்துகொள்வதற்காக. எங்கள் பதினோரு பக்கத்தில் அதுவும் இருந்தது. அச்சடித்த கட்டங்களோடு... காலியாக!

சென்னையில் பையனை மூன்று நாள் குளிரவைத்தார்கள். உடம்பின் சூட்டை 33.5 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருப்பது. வெளிநாடுகளில் இது மூளையைக் காப்பாற்றுகிறது என்று நிரூபணமான சிகிச்சை. அதே சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2021ல் வந்த முடிவு: பலன் இல்லை. அதோடு, குளிரவைத்த குழந்தைகளில் 42 சதவீதமும், வைக்காத குழந்தைகளில் 31 சதவீதமும் இறந்திருந்தன. ஆய்வாளர்கள் சொல்கிற ஒரு விளக்கம், இங்கே குழந்தைகளுக்கு அடி கடைசி நிமிஷத்தில் திடீரென்று விழுவதில்லை, பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விழுகிறது என்பது. அந்த ஆறாவது பக்கம் என் ஞாபகத்துக்கு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1995 நவம்பர் 13ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, காசு வாங்கி வைத்தியம் பார்க்கிறவர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி மட்டும் வராது. 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் அதே கோர்ட், சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே டாக்டர் குற்றவாளி ஆகிவிட மாட்டார், எடுத்ததுமே போலீஸ் அவரைக் கைது செய்யக் கூடாது என்றது. அதனால் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பது, டாக்டரை அடிப்பது என்று கிளம்புகிறவர்கள் கேஸைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். எங்கள் தெருப் பையன்களும் கிளம்பினார்கள். மாமா தடுத்துவிட்டார்.

பிரிட்டனில் இதே முடக்குவாதத்துக்காக நடந்த இரண்டு வழக்குகள் இரண்டு விதமாக முடிந்திருக்கின்றன. 1970ல் பிறந்த ஒரு குழந்தை, ஆயுதம் போட்டு அதிகமாக இழுத்ததால்தான் இப்படி ஆனான் என்ற வழக்கில், 1980ல் டாக்டர் மேல் தப்பில்லை என்று தீர்ப்பானது. 1999ல் பிறந்த இன்னொரு குழந்தையின் தாய்க்குச் சர்க்கரை வியாதி. குழந்தையின் தோள் மாட்டிக்கொள்ளும் அபாயத்தை டாக்டர் அவரிடம் சொல்லவே இல்லை. 2015ல் தாய் ஜெயித்தார். 52.5 லட்சம் பவுண்டு.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. இது முடக்குவாதம் அல்ல, பார்வை. 1996ல் எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில், ஒன்றேகால் கிலோ எடையில் பிறந்த ஒரு பெண் குழந்தை. இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரையைச் சோதிக்க வேண்டும். சோதிக்கவில்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போய்விட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. தகப்பனார் விடவில்லை. 2015 ஜூலை 1ல் சுப்ரீம் கோர்ட் கொடுக்கச் சொன்ன தொகை சுமார் 1.8 கோடி ரூபாய். குழந்தை பிறந்து பத்தொன்பது வருஷம் கழித்து!

அந்தப் பத்தொன்பது வருஷம் என்ற கணக்குதான் என்னைப் பயமுறுத்தியது. கோர்ட் காத்திருக்கும், குழந்தையின் மூளை காத்திருக்காது. முதல் இரண்டு மூன்று வருஷத்தில்தான் அது வளைந்துகொடுக்கும், ஒரு பகுதி செய்ய முடியாததை இன்னொரு பகுதி கற்றுக்கொள்ளப் பார்க்கும். இப்போது கை காலை இளக்காவிட்டால் பிறகு தசை சுருங்கிவிடும், இடுப்பு மூட்டு நழுவிவிடும்.

எனவே அக்கா கோர்ட்டுக்கு முன்னால் முட்டுக்காட்டுக்குப் போனாள். பன்முக ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005லிருந்து அங்கே இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் 1985லிருந்து இந்தக் குழந்தைகளுக்காகவே நடக்கிறது. 1999ஆம் வருஷ தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் 'நிராமயா' என்று மருத்துவ இன்ஷூரன்ஸ் இருக்கிறது, வருஷம் ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரபிக்கும் அதில் கிடைக்கும். காஞ்சிபுரத்தில் நான் விசாரித்த ஏழெட்டுப் பேரில் ஒருத்தருக்கும் இது தெரியவில்லை. கச்சபேஸ்வரர் கோயில் கடை ஞாயிறுக்கு மண்சட்டியில் மாவிளக்கு வைத்துத் தலையில் சுமந்தால் தலை சம்பந்தமான நோய் தீரும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கார்த்திகையில் மாமா அதையும் சுமந்தார். நான் பையனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

இப்போது அவனுக்கு ஒரு வயசு ஏழு மாசம். தலை நிற்கிறது. தலையணை முட்டுக்கொடுத்தால் உட்காருகிறான். தறிச் சத்தம் நின்றால் திரும்பிப் பார்த்து, மறுபடி ஓட்டச் சொல்லி ஒரு கத்து கத்துகிறான்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் கெடு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிக்கலாம் என்று சட்டத்தில் இருந்தாலும், அதை நம்பி இருக்காதீர்கள் என்கிறார் வக்கீல். எங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மகப்பேறு நிபுணர் ஒருவரின் எழுத்துபூர்வமான கருத்து வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இதுவரை மூன்று பேரைப் பார்த்தேன். மூன்று பேரும் ஆறாவது பக்கத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். எழுதித் தரச் சொன்னதும் "வேண்டாமேப்பா" என்றார்கள். நாலாவது டாக்டர் வேலூரில் இருக்கிறார். வருகிற சனிக்கிழமை ஃபைலோடு வரச் சொல்லியிருக்கிறார்.